தொட்டிக்கு வேண்டாத மீன் காவிரிக்கும் வேண்டாம்!

மீன் தொட்டி இருக்கும் எந்த வீட்டிலும் நடக்கக்கூடிய கதைதான் இது. சுவாமிமலைப் பக்கம் ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். கோடை விடுமுறையில் பிள்ளைகள் அடம்பிடித்ததால் ஒரு கண்ணாடித் தொட்டி வீட்டுக்கு வருகிறது. அதில் ஐந்தாறு கப்பி, இரண்டு தங்கமீன். கிளம்பும் நேரத்தில் கடைக்காரர், "இதையும் எடுத்துட்டுப் போங்க சார், கண்ணாடியில பாசி பிடிக்காம பார்த்துக்கும்" என்று விரல் நீளத்தில் ஒரு கறுப்பு மீனையும் கவரில் போட்டுத் தருகிறார்.

அடுத்த கோடை வருவதற்குள் அந்த மீன் ஒரு சாண் நீளத்தைத் தாண்டிவிடுகிறது. தொட்டிச் செடிகளைப் பிடுங்கிப் போடுகிறது. அது போடும் கழிவில் தண்ணீர் இரண்டே நாளில் கலங்கிவிடுகிறது. என்ன செய்வது என்று அப்பா யோசிக்கும்போது அப்பாயி வழி சொல்கிறார்: "பாவம்டா, கொன்னு கின்னு போட்டுடாத. ஆத்துல கொண்டுபோய் விட்டுடு. உசுரு பொழச்சுக்கும், நமக்கும் புண்ணியம்."

அப்பாயியின் இரக்கத்தில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அந்த ஒரு வாளித் தண்ணீர் காவிரியில் கலந்த பிறகு நடப்பது வேறு. அந்த மீன் பிழைக்காமல் போனால் துடித்துச் சாகும். பிழைத்துவிட்டால் ஆற்றில் ஏற்கெனவே இருக்கும் மீன்களுக்கு ஆபத்து.

ஒரு வாளி, பல ஊர்

டெல்டாவில் தனித்து நிற்கும் தண்ணீர் என்று எதுவும் கிடையாது. மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12 அன்று திறக்கப்படும். அந்தத் தண்ணீர் கல்லணை வந்து, ஆறுகளாகப் பிரிந்து, மதகு வழியாக வாய்க்காலுக்குப் போகிறது. வாய்க்காலிலிருந்து வயலுக்கும் குளத்துக்கும், அங்கிருந்து வடிகாலுக்கும், கடைசியில் கடலுக்கும் போகிறது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் குளம் நிரம்பி வழிந்தால், குளத்து மீன் வாய்க்காலுக்கு வந்துவிடும்.

அதனால் "ஆத்துலதானே விடக்கூடாது, தெருக்குளத்துல விடலாமே" என்பதும் சரிப்படாது. கோயில் குளம், பள்ளிக்கூடத்துக் குட்டை, கிணறு, கழிவுநீர்க் கால்வாய் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். மீன் மட்டுமல்ல, தொட்டித் தண்ணீரையும் வாய்க்காலில் கொட்டக்கூடாது. அதில் முட்டை, ஒட்டுண்ணி, செடித் துண்டு எது வேண்டுமானாலும் இருக்கலாம். அந்தத் தண்ணீரைத் தென்னைக்கும் வாழைக்கும் ஊற்றினால் நல்ல உரம்.

அந்தக் கறுப்பு மீன் எங்கிருந்து வந்தது?

கடைகளில் "டேங்க் கிளீனர்", "சக்கர் மீன்" என்று சொல்லி விற்கப்படும் இந்த மீன் தென் அமெரிக்காவைச் சேர்ந்தது. அமேசான் பகுதி ஆறுகள்தான் அதன் சொந்த ஊர். உடம்பெல்லாம் எலும்புத் தகடு, கவசம் போட்டது போல இருக்கும். முழு வளர்ச்சியில் 40 சென்டிமீட்டரைத் தாண்டும்.

வீட்டில் சாதாரணமாக வாங்கும் 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரத் தொட்டியில் சுமார் 56 லிட்டர் தண்ணீர்தான் பிடிக்கும். அதன் அகலமே 30 சென்டிமீட்டர். 40 சென்டிமீட்டர் மீன் அதில் திரும்பக்கூட முடியாது. வளர வளரப் பாசி தின்பதும் குறைந்துவிடும். தங்கமீனுக்குப் போடும் தீனியைத்தான் அது தேடும்.

வெளியில் விட்டால் இந்த மீன் லேசில் சாகாது. தண்ணீரில் உயிர்க்காற்று குறைந்தால் மேலே வந்து காற்றை விழுங்கி வயிற்றால் சுவாசிக்கும். விரால், தேளி போன்ற நம் நாட்டு மீன்களுக்கும் காற்றைச் சுவாசிக்கும் திறன் உண்டு. ஆனால் கெண்டைக்கும் கெளுத்திக்கும் அது கிடையாது. கோடையில் காவிரி வற்றிக் குட்டையாகத் தேங்கும்போது, அவை செத்து மிதக்கும் இடத்தில் இது தாக்குப்பிடிக்கும்.

இன்னொரு பழக்கம்தான் டெல்டாவுக்குப் பெரிய கவலை. முட்டையிடுவதற்கு இந்த மீன் கரையில் வளை தோண்டும். ஒரு வளை ஒரு மீட்டர் ஆழம் வரை போகும். வரப்பில் நண்டு வளை போட்டாலே தண்ணீர் கசிந்து போவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, கரையை ஒரு மீட்டர் துளைக்கும் மீன் என்றால் என்ன அர்த்தம் என்று விளக்க வேண்டியதில்லை. அதிலும் காவிரிக் கரை மண் மென்மையான வண்டல். சுவாமிமலைச் சிற்பிகள் சிலை வார்க்க மெழுகின் மேல் பூசுவது அந்த மண்ணைத்தான். பூசினால் ரேகைகூடப் பதியும் அளவுக்கு நைஸான மண், தோண்டுவதற்கும் சுலபம்.

மெக்சிகோவில் இன்ஃபியெர்னியோ என்ற அணையை நம்பி ஆயிரக்கணக்கான மீனவர்கள் பிழைத்தார்கள். இந்தச் சக்கர் மீன் அங்கே பெருகிய பிறகு வலையில் ஏறியதெல்லாம் அதுதான். முள்ளும் தகடும் வலையைக் கிழித்தன, வாங்க ஆளும் இல்லை. இந்தியாவில் திருவனந்தபுரத்துக் கால்வாயிலும், கொல்கத்தாவின் கிழக்குச் சதுப்பு நிலங்களிலும், கங்கையிலும் இது பிடிபட்டிருக்கிறது. யாரோ வீட்டுத் தொட்டியிலிருந்து விட்டதுதான் இதற்கெல்லாம் தொடக்கமாகக் கருதப்படுகிறது.

முன்பே வந்த விருந்தாளிகள்

இதே கதை டெல்டாவில் முன்பும் நடந்திருக்கிறது. அழகான ஊதாப் பூவுக்காக இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட செடிதான் ஆகாயத்தாமரை. அதற்கும் சொந்த ஊர் அமேசான் பகுதிதான். இன்று வாய்க்காலை அடைத்துக்கொண்டு நிற்கும் அதை ஒவ்வோர் ஆண்டும் செலவு செய்து வார வேண்டியிருக்கிறது.

ஜிலேபிக் கெண்டை ஆப்பிரிக்க மீன். உணவுக்காக 1952-இல் இந்தியாவுக்கு வந்தது. தாய் மீன் முட்டையையும் குஞ்சையும் வாய்க்குள் வைத்துக் காப்பாற்றும். அதனால் போன குளத்திலெல்லாம் பெருகியது. இன்று அது இல்லாத குளத்தைத் தேட வேண்டும். ஆப்பிரிக்கத் தேளியோ கையில் கிடைத்த மீனையெல்லாம் விழுங்கும். அதை வளர்க்க மத்திய அரசு 2000-இல் தடை விதித்தது. ஆனாலும் ஆற்றுக்குள் போனதைத் திருப்பி எடுக்க முடியவில்லை.

2023-இல் காஷ்மீரின் தால் ஏரியைச் சுத்தம் செய்தவர்களுக்கு முதலை மூக்கு கொண்ட ஒரு மீன் கிடைத்தது. அலிகேட்டர் கார் என்ற வட அமெரிக்க மீன் அது. 2021-இல் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் பர்ன்ஸ்வில் நகர நிர்வாகம், "தங்கமீனை ஏரியில் விடாதீர்கள்" என்று மக்களிடம் கெஞ்ச வேண்டியிருந்தது. கிண்ணத்தில் விரல் நீளமாக இருந்த தங்கமீன்கள் அந்த ஏரியில் ஓர் அடிக்கு மேல் வளர்ந்து, சேற்றைக் கிளறிக்கொண்டிருந்தன.

கடையிலேயே மூன்று கேள்விகள்

வேண்டாத மீனை எப்படி வெளியேற்றுவது என்ற தலைவலி வராமல் இருக்க, வாங்கும்போதே மூன்று கேள்விகள் கேட்டால் போதும்.

ஒன்று: இது எவ்வளவு பெரிதாக வளரும்? கடையில் இருப்பது குஞ்சு. முழு வளர்ச்சி நீளம் தொட்டியின் அகலத்தில் பாதிக்கு மேல் இருந்தால் வேண்டாம். பாகு மீன் இதற்கு நல்ல உதாரணம். குட்டியாக இருக்கும்போது சிவந்த வயிற்றோடு பிரானா போலவே இருப்பதால் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். மீன் மார்க்கெட்டில் "ரூப்சந்த்" என்று வெட்டி விற்கிறார்களே, அதே மீன்தான் அது. இரண்டு அடிக்கு மேல் வளரும்.

இரண்டு: இதன் வாய் எவ்வளவு பெரிது? தன் வாயில் நுழையும் மீனைத் தின்பது மீனின் இயல்பு. ஆஸ்கரோடு கப்பியைப் போட்டால் காலையில் கப்பி இருக்காது. அதை ஆஸ்கரின் குற்றம் என்று சொல்ல முடியாது.

மூன்று: இது தனியாக இருக்க வேண்டியதா, கூட்டமாக இருக்க வேண்டியதா? ஆண் ஃபைட்டர் ஒரு தொட்டிக்கு ஒன்றுதான். வாஸ்து மீன் என்று வாங்கி வைக்கும் ஃபிளவர்ஹார்ன் மனிதர்கள் கலப்பினமாக உருவாக்கியது. அதற்கும் தனித் தொட்டிதான் வேண்டும். டைகர் பார்பு நேர்மாறு. இரண்டு மூன்றாக இருந்தால் மற்ற மீன்களின் துடுப்பைக் கடிக்கும். ஆறேழு பேர் கூட்டமாக இருந்தால் தங்களுக்குள்ளேயே துரத்தி விளையாடும்.

குஞ்சு பொரிப்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். கப்பி ஏறக்குறைய நான்கு வாரத்துக்கு ஒரு முறை குட்டி போடும். ஆணோடு ஒரு முறை சேர்ந்த பெண், பிறகு ஆணே இல்லாவிட்டாலும் சில மாதங்கள் வரை குட்டி போட முடியும். வேண்டாம் என்றால் எல்லாம் ஆணாகவே வாங்கலாம். நிறமும் ஆணுக்குத்தான் அதிகம்.

பாசிக்காக ஒரு மீன் வாங்கத் தேவையே இல்லை. ஜன்னல் வெயிலும் அதிகத் தீனியும்தான் பாசிக்குக் காரணம். தொட்டியை நிழலுக்கு மாற்றி, விளக்கை எட்டு மணி நேரத்தோடு நிறுத்தி, இரண்டு நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவுக்கு மட்டும் தீனி போட்டால் பாசி தானாகக் குறையும். மீதியைத் தேய்க்க ஒரு புது ஸ்பாஞ்ச் போதும்.

பவளத் தொட்டிக்காரர்களின் பாடம்

பெரிய நகரங்களில் சிலர் கடல்நீரில் பவளத் தொட்டி வைக்கிறார்கள். அங்கே இந்தச் சிக்கல் இன்னும் கடுமை. தொட்டி தொடங்கும்போது எதையும் தாங்கும் மீன் என்று நீல நிற டேம்சலை முதலில் விடுவார்கள். அது முழுத் தொட்டியையும் தன் சொத்தாக்கிக்கொள்ளும். பிறகு வரும் எந்த மீனையும் நிம்மதியாக இருக்க விடாது. பிடிக்கலாம் என்றால் பாறை இடுக்கில் ஒளிந்துகொள்ளும். பாறையை எடுத்தால் பவளம் உடையும்.

இதிலிருந்து நன்னீர்த் தொட்டிக்காரர்களும் கற்கலாம். சாதுவான மீன்களை முதலில் விட வேண்டும். முரட்டு மீன், அதுவும் அவசியம் என்றால் மட்டும், கடைசியில்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சுற்றி இருக்கும் பவளப்பாறைகள் 1986 முதல் கடல் தேசியப் பூங்காவில் அடங்கியவை. கல் பவளங்கள் 2001-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. ராமேஸ்வரம் போன இடத்தில் கிடைத்தது என்று ஒரு துண்டைத் தொட்டிக்குக் கொண்டுவருவதும் குற்றம்தான்.

கடல் பெரியது, ஒரு மீனால் என்ன ஆகிவிடும் என்று நினைப்பவர்களுக்குச் சிங்கமீன் பதில் சொல்லும். நம் இந்தியப் பெருங்கடலும் பசிபிக்கும் அதன் சொந்தக் கடல். 1985-இல் அது அமெரிக்காவின் ஃபுளோரிடா கரையோரம் முதன்முதலாகக் காணப்பட்டது. வீட்டுத் தொட்டிகளிலிருந்து விடப்பட்டது என்றே ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். இன்று கரீபியன் கடல் முழுக்க இருக்கிறது. பஹாமாஸ் தீவுப் பாறைகளில் நடந்த ஆய்வு ஒன்றில், சிங்கமீன் வந்த ஐந்தே வாரத்தில் புதிதாக வந்து சேரும் குஞ்சு மீன்களின் எண்ணிக்கை 79 சதவீதம் குறைந்திருந்தது.

முதலில் பஞ்சாயத்து, பிறகு வெளியேற்றம்

சண்டை போடும் மீனை உடனே எடுக்க வேண்டியதில்லை. பல நேரம் தொட்டியில்தான் குறை இருக்கும். இடம் போதவில்லையா, ஒளிய மறைவு இல்லையா என்று பார்க்க வேண்டும். கல், செடி எல்லாவற்றையும் இடம் மாற்றி வைத்தால் "இது என் மூலை" என்ற கணக்கு கலைந்துபோகும். அடிக்கும் மீனைத் துளையுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, அதே தொட்டியில் மூன்று நான்கு நாள் தனியாக வைத்து, பிறகு விட்டுப் பார்க்கலாம். திரும்பி வரும்போது அது புது ஆளாகிவிடும், கொஞ்சம் அடங்கும்.

அதற்கும் மசியவில்லை என்றால்தான் வெளியேற்ற வேண்டும். வலையோடு தொட்டி முழுக்கத் துரத்தினால் குற்றமில்லாத மீன்களும் மிரண்டு நோயில் விழும். இரண்டு வழிகள் சுலபமானவை.

ஒன்று, இரவில் பிடிப்பது. விளக்கை அணைத்து இரண்டு மணி நேரம் கழித்து, பாதித் தண்ணீரைச் சுத்தமான வாளியில் எடுத்து வைத்துவிட்டு, டார்ச் வெளிச்சத்தில் மெதுவாகப் பிடிக்கலாம்.

இன்னொன்று, பாட்டில் பொறி. வாய்க்காலில் வைக்கும் பறியைப் பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை. உள்ளே போகும் வழி அகலம், வெளியே வரும் வழி குறுகல், அவ்வளவுதான். ஒரு பிளாஸ்டிக் பாட்டிலின் மேல் பகுதியை வெட்டி, வாய் உள்நோக்கி இருக்கும்படி திருப்பிச் செருக வேண்டும். சுற்றிலும் சில துளைகள் போட்டு, உள்ளே தீனியும் ஒரு கூழாங்கல்லும் போட்டு இறக்கினால் போதும். கால் மணி நேரத்துக்கு ஒரு முறை பார்க்க வேண்டும். இரவு முழுக்க விட்டுவிட்டால் உள்ளே இருக்கும் மீன் மூச்சுத் திணறிச் செத்துவிடும்.

சக்கர் மீனை மட்டும் வலையில் பிடிக்கவே கூடாது. துடுப்பு முள் வலையில் சிக்கிக்கொள்ளும். எடுக்கப் போனால் கையைக் கிழிக்கும். அகலமான பிளாஸ்டிக் டப்பாவில் ஒதுக்கி எடுப்பதுதான் பாதுகாப்பு.

பிடித்த மீனை என்ன செய்வது?

முதலில் வாங்கிய கடையில் கேட்க வேண்டும். காசு தராவிட்டாலும் திரும்ப எடுத்துக்கொள்ளும் கடைகள் உண்டு. வாங்கும்போதே, "பெரிசானா திருப்பி எடுத்துப்பீங்களா?" என்று கேட்டு வைப்பது இன்னும் நல்லது. ஒத்துக்கொள்ளாத கடையில் அந்த மீனை வாங்காமல் வரலாம்.

அடுத்தது, பெரிய தொட்டி வைத்திருக்கும் தெரிந்தவர்கள். கொடுக்கும்போது, "உங்களுக்கும் வேண்டாம்னா எங்கேயும் விட்டுடாதீங்க" என்று சொல்லிக் கொடுக்க வேண்டும். வெளியில் வாய்க்கால் தொடர்பு இல்லாத, மழையில் நிரம்பி வழியாத சிமென்ட் தொட்டி வீட்டில் இருந்தால் அதிலும் வைத்துக்கொள்ளலாம்.

எதுவும் நடக்கவில்லை என்றால், கடைசி வழி வலியில்லாத முடிவு. இது பெரியவர்கள் செய்ய வேண்டியது. நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் கிராம்பு எண்ணெய் மீனுக்கு மயக்க மருந்து. சிறிது வெதுவெதுப்பான நீரில் குலுக்கிக் கலந்து, மீன் இருக்கும் வாளியில் முதலில் கொஞ்சமாக ஊற்றினால் மீன் தூங்கிவிடும். பிறகு லிட்டருக்குச் சுமார் 10 துளி என்ற அளவுக்குக் கூட்டி, செவுள் அசைவு நின்ற பிறகும் அரை மணி நேரம் விட்டுவைக்க வேண்டும். சக்கர் மீனுக்கு இன்னும் அதிக நேரம் பிடிக்கும். கை வராதவர்கள் கால்நடை மருத்துவரிடம் கேட்கலாம். பிறகு தோட்டத்தில் ஆழமாகக் குழி தோண்டிப் புதைத்துவிடலாம்.

பிள்ளைகள் அழுவார்கள். அவர்களிடம் உண்மையைச் சொல்வதே நல்லது. வீட்டுக்குக் கொண்டுவந்த உயிருக்கு அந்த வீடுதான் கடைசி வரை பொறுப்பு. ஆற்றில் விட்டால் அந்தப் பொறுப்பு தீராது. வலை வீசிப் பிழைப்பவர் தலையிலும், கரையைக் கட்டிக் காக்கும் விவசாயி தலையிலும் போய் விழும்.

வாய்க்காலில் இந்த மீன் கிடைத்தால்?

தண்ணீர் வற்றும்போது வயலிலும் வாய்க்காலிலும் மீன் பிடிப்பது டெல்டாப் பிள்ளைகளின் திருவிழா. கெண்டை, குரவை, ஆரால் என்று பெயர் சொல்லிப் பிரிப்பார்கள். ஊத்தாவிலோ தூண்டிலிலோ, உடம்பெல்லாம் தகடும் முள்ளுமாக, அடியில் உறிஞ்சும் வாயோடு ஒரு கறுப்பு மீன் வந்தால் அதைத் திரும்பத் தண்ணீரில் போடக்கூடாது. போனில் ஒரு படம் எடுத்து, எந்த வாய்க்கால், எந்தத் தேதி என்று குறித்து, மாவட்ட மீன்வளத்துறை அலுவலகத்துக்குத் தெரிவிக்கலாம். ஒன்றிரண்டாக இருக்கும்போது கண்டுபிடித்தால்தான் தடுக்க முடியும். கரையில் வளை போட்டுக் குஞ்சு பொரித்துவிட்ட பிறகு அதை முழுதாக எடுத்த ஊர் அபூர்வம்.